இடம் பழக்கம்: ஒன்பது நாள்

1

நான் கதை எழுத உட்காரவில்லை. உட்கார்ந்தது ஒரு பத்தி எழுத. நூற்றிருபது சொல்லுக்கு மிகாமல், ஒரு நூலகத்தின் திட்ட நிறைவு அறிக்கையில், பதினான்காம் பக்கத்தில், ‘கற்றுக்கொண்டவை’ என்ற தலைப்பின் கீழ் போகவேண்டிய பத்தி அது.

கேட்டது என் அக்கா. அந்த நூலகத்தின் தலைமை நூலகர் அவள்தான். அவள் என்னிடம் எதையும் கேட்டு வாங்குகிற ஆள் இல்லை. என் கதைகளைப் பற்றி இதுவரை ஒரே ஒரு விமர்சனம் சொல்லியிருக்கிறாள்: நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உன் கதையில் யாரும் சொன்ன நேரத்துக்கு எங்கும் போய்ச் சேருவதில்லை என்று. அப்படிப்பட்டவள் அலுவலக வேலைக்கு என்னைக் கூப்பிட்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

“பொய் இருக்கக் கூடாது. அந்த மனுஷனுக்கும் எதுவும் ஆகக் கூடாது. நீதான் எழுதுறவளாச்சே, ஒரு பத்தி எழுதிக் குடுடி” என்றாள்.

அந்த மனுஷன் என்றால், அந்த நூலகத்தின் வாசலில் பதினாறு வருஷமாகப் பைகளை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தவர். எல்லோருக்கும் அவர் பை அண்ணன். நான் என்ன எழுதுகிறேனோ அதைப் பொறுத்து அடுத்த மாதம் அவருக்கு வேலை இருக்கும், அல்லது இருக்காது.

ஒரு பத்திதானே, ஒரு காபி குடிக்கிற நேரத்தில் முடித்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன். பன்னிரண்டு நாளாயிற்று. பத்தி வரவில்லை. அதற்குப் பதிலாக இது வந்துகொண்டிருக்கிறது.

2

தொடக்கங்களை மறைக்காமல் காட்டிவிடுகிறேன்.

முதலாவது: ‘அந்த நூலகம் இடம் மாறிய ஆண்டில் மழை வழக்கத்தை விட—’

(மழையே பெய்யவில்லை. கதை என்றால் என் கை தானாக மழையைக் கொண்டுவந்துவிடுகிறது.)

இரண்டாவது: ‘வாழ்நாளில் ஒரு புத்தகம்கூடப் படித்திராத அந்த மனிதர், ஆனால்—’

(படித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தவிர, இந்த ‘ஆனால்’ வந்துவிட்டால் மூன்றாவது வரியில் அவர் மகான் ஆகிவிடுவார். வேண்டாம்.)

மூன்றாவது: ‘திட்டம் போடுகிறவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறவர்கள்.’

இதை அடிக்கவில்லை. அக்கா இதைப் படித்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஆனாலும் இங்கிருந்துதான் தொடங்க முடியும்.

3

ஒரு வேலைக்கு எத்தனை நாளாகும் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆள் வராமல் போகலாம், சாமான் வராமல் போகலாம். அதனால் விவரமானவர்கள் கொஞ்சம் நாளைக் கையிருப்பாக வைப்பார்கள். அக்கா விவரமானவள். வீட்டில் ஊறுகாய் பாட்டிலில்கூடத் திறந்த தேதியை எழுதி ஒட்டுகிறவள். நான்கு வருஷத்துக்கு முன், நூலகத்தின் பட்டியலைக் கணினியில் ஏற்றும் திட்டத்தில், அவள் ‘எதிர்பாராத தாமதம்: பத்து நாள்’ என்று ஒரு வரி போட்டாள்.

நூலகங்களை நடத்துகிற நிறுவனத்தின் குழுத் தலைவர் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தார். எதிர்பாராததை எப்படியம்மா முன்கூட்டியே எழுதினீர்கள் என்று கேட்டார். சபை சிரித்தது. அந்தத் திட்டம் பதினோரு நாள் தள்ளிப் போனது, அக்காவுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அவள் வேலையில் வாங்கிய ஒரே கடிதம். இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

ஆகவே நூலகத்தைப் பக்கத்துத் தெருவில் புதிய கட்டடத்துக்கு மாற்றும் திட்டம் வந்தபோது, அவள் பாடம் கற்றிருந்தாள். சும்மா இருக்கிற நாட்களைச் சும்மா காட்டக் கூடாது, ஒரு சட்டை போட்டுத்தான் காட்ட வேண்டும். சுவரை அடைத்து ஒட்டிய அட்டவணையில், புத்தகங்களைப் பெட்டியில் கட்டுதல், பெட்டிகளைக் கொண்டுசெல்லுதல், அலமாரியில் அடுக்குதல் என்ற வரிசையில், கொண்டுசெல்லுவதற்கும் அடுக்குவதற்கும் நடுவே ஒரு வரியைச் செருகினாள்.

இடம் பழக்கம்: ஒன்பது நாள்.

அதாவது புத்தகங்கள் புதிய கட்டடத்தின் காற்றுக்கும் வெப்பத்துக்கும் பழக, பெட்டியிலேயே ஒன்பது நாள் இருக்க வேண்டுமாம்.*

* பழைய ஓலையும் தாளும் காக்கிற இடங்களில் இப்படி ஏதோ செய்வார்கள் என்று அக்கா எங்கோ கேள்விப்பட்டிருக்கிறாள். பக்கத்துத் தெருவுக்குப் போகிற பரீட்சை வழிகாட்டிகளுக்கும் சமையல் புத்தகங்களுக்கும் இது தேவையில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் சொன்ன முதல் பொய் இதுதான் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்து, தங்கையாக நான் சொன்ன எண்ணிக்கைக்குப் பக்கத்தில் அது வராது.

குழுத் தலைவர் அந்த வரியில் வந்து நின்றார். இதையும் அடித்துவிடுவார் என்று அக்கா நினைத்தாள். அவரோ, இது விஞ்ஞானப்பூர்வமாக இருக்கிறது என்றார். பிறகு விரலை வலப்பக்கம் நகர்த்தி, பொறுப்பாளர் என்ற கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டார். அவர்கள் அலுவலகத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அட்டவணை செல்லாது. யாரும் செய்யவேண்டாத வேலைக்கும் ஒரு ஆள் வேண்டும்.

அக்கா மனதுக்குள் ஆட்களை எண்ணிப் பார்த்தாள். எல்லோருக்கும் வேலை இருந்தது, ஒருவரைத் தவிர. புதிய கட்டடத்தில் பைகளுக்குப் பூட்டுப் பெட்டிகள் வரப்போகின்றன. திட்டம் முடிகிற மாதத்தோடு பை அண்ணனின் பணியும் முடிகிறது என்று ஏற்கெனவே கடிதம் வந்துவிட்டது. அவள் அவர் பெயரை எழுதினாள்.

4

இங்கே எனக்கு ஒரு சிக்கல். பை அண்ணனை நான் மொத்தம் மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன்.

கதைக்காக அவருக்கு நோயாளி மனைவியைக் கொடுத்துப் பார்த்தேன். கல்யாணத்துக்கு நிற்கிற மகளைக் கொடுத்துப் பார்த்தேன். அக்காவிடம் சரிபார்த்தபோது, அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை, அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறார், அண்ணி சமையலைக் குறை சொல்லிக்கொண்டே நன்றாகச் சாப்பிடுகிறார் என்றாள். நான் கொடுத்த மனைவியும் மகளும் அந்த நொடியே செத்துப் போனார்கள்.

அவர் நல்லவரா என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியாது. ஜிப் இல்லாத பையை வாங்க மாட்டார். ஒரு பேராசிரியர் மடக்காத குடையோடு வந்தபோது, இது பையும் இல்லை, புத்தகமும் இல்லை, இதை உள்ளே விடவும் முடியாது, நான் வைத்துக்கொள்ளவும் முடியாது என்று அரைமணி நேரம் வாசலிலேயே நிறுத்திவிட்டார். இரண்டாம் முறை நான் டோக்கனைத் தொலைத்தபோது, நான் நூலகரின் தங்கை என்று சொன்ன பிறகும், பையில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வைத்தார். பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்டைச் சொல்ல மறந்துவிட்டேன். “இன்னொண்ணு இருக்குதே” என்று காத்திருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

(இதை எழுதும்போது புரிகிறது. அந்த எரிச்சல் இல்லாவிட்டால் அவரை நம்பியிருக்க மாட்டேன்.)

5

இனி நடந்தது.

அறுநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள் புதிய கூடத்தின் தரைக்கு வந்து சேர்ந்தன. பை அண்ணன் அக்காவின் மேசைக்கு வந்து, நான் என்ன செய்ய வேண்டும் மேடம் என்று கேட்டார். அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. தினமும் ஒரு தடவை பெட்டிகளைத் திறந்து பாருங்கள், ஏதாவது இருந்தால் எழுதி வையுங்கள் என்று சொல்லி அனுப்பினாள். இரண்டு நாள் பார்ப்பார், பிறகு ஓரமாக உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார் என்று நினைத்தாள். அவளாக இருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டாள் என்பது வேறு விஷயம்.

அதே சமயம் இன்னொன்று நடந்தது. அலமாரிகளின் இரும்புச் சட்டங்கள் வந்திருந்தன. அவற்றைப் பூட்டுகிற போல்ட்டுகள் வேறு அளவில் வந்துவிட்டன. சரியானவை வர எட்டு நாளாகும் என்றார்கள். வேறு எந்தத் திட்டமாக இருந்தாலும் இந்த இடத்தில் கூச்சலும் கடிதமும் கிளம்பியிருக்கும். இங்கே யாருமே கவனிக்கவில்லை. புத்தகங்கள்தான் இடம் பழகிக்கொண்டிருக்கின்றனவே. எட்டாம் நாள் போல்ட்டுகள் வந்தன, ஒன்பதாம் நாள் சாயங்காலம் அலமாரிகள் நின்றன, பத்தாம் நாள் அடுக்கத் தொடங்கினார்கள். அறிவித்த தேதியில், அறிவித்த நேரத்தில், நூலகம் திறந்தது. அந்த நிறுவனத்தின் வரலாற்றில் அப்படி நடந்தது அதுதான் முதல்முறையாம்.

குழுத் தலைவர் மகிழ்ந்து போனார். இதற்கெல்லாம் காரணம் இடம் பழக்கம்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அடுத்த இரண்டு வருஷத்தில் ஏழு கிளை நூலகங்கள் இடம் மாறப்போகின்றன. ஏழிலும் ஒன்பது நாள் இடம் பழக்கத்தை விதியாக்கிவிடலாம், அனுபவமுள்ள பொறுப்பாளரையே ஒவ்வொரு கிளைக்கும் அனுப்பலாம் என்றார். நிறைவு அறிக்கையில் தலைமை நூலகர் இது தேவை என்று எழுதிக் கொடுத்தால் போதும்.

அக்கா அன்றைக்குத்தான் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

6

என்னிடம் இப்போது பை அண்ணனின் நோட்டு இருக்கிறது. அக்கா கொடுத்தாள். எண்பது பக்க நோட்டுகள் மூன்றை நூலால் சேர்த்துத் தைத்தது. ஒரு நாளைக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு வரி வீதம் ஒன்பது நாள். பெட்டி எண், பக்கத்தில் ‘பார்த்தேன்’. பெட்டி எண், ‘பார்த்தேன்’.

எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரே இடத்தில் உட்கார்ந்து வரிசையாக எழுதித் தள்ளியிருக்கலாமே. நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் நடுநடுவே இப்படியும் இருக்கிறது:

‘77. இரண்டாவது புத்தகத்தில் யாரோ வைத்த பேருந்துச் சீட்டு. எடுக்கவில்லை. பார்த்தேன்.’

‘314. எறும்பு. தட்டிவிட்டேன். பார்த்தேன்.’

மறுநாள்: ‘314. எறும்பு இல்லை. பார்த்தேன்.’

‘509. அடியில் இருப்பது தலைகீழாக இருந்தது. நிமிர்த்தினேன். பார்த்தேன்.’

ஐயாயிரத்து ஐந்நூற்று எட்டு முறை அவர் குனிந்திருக்கிறார். ஒரு பொய்யைச் சாக்காக வைத்து ஒரு மனிதரை இப்படிக் குனிய வைத்தாளே என்று அக்கா மேல் எனக்குக் கோபம் வந்தது. அதை அவளிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை, அதனால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

7

மாற்று முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ. தேவை என்று எழுதுவது. பை அண்ணன் கிளை கிளையாகப் போகிறார். ஏழு கிளைகள் ஒன்பது நாள் கூடுதலாக மூடிக் கிடக்கின்றன, அறுபத்து மூன்று நாள். ஒரு விதியாகிவிட்ட பிறகு அது கையிருப்பும் இல்லை. போல்ட் வராவிட்டால் அங்கிருக்கிற நூலகர்கள் வேறு பொய்யைத் தேட வேண்டும். நூலகம் மூடியிருந்தபோது ஒருநாள் அந்தப் பக்கம் போயிருந்தேன். வாசல்படியில் ஒரு பெண் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரே அறை, ஐந்து பேர் என்றாள். எப்போது திறப்பார்கள் என்று என்னிடம் கேட்டாள். அக்காவின் தங்கை என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆ. தேவையில்லை என்று எழுதுவது. ‘மாத முடிவில் பை அண்ணன் டோக்கன்கள் கோத்த கம்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அதை எங்கே ஒப்படைப்பது என்று—’

(இதற்கு மேல் எழுத முடியவில்லை.)

இ. எல்லோருக்கும் நல்லதாக ஒன்று. பூட்டுப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் உதவிக்கு அவரை வைத்துக்கொள்ளலாமே என்று எனக்கு ஒரு பளிச்! உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் அதை இரண்டு முறை எழுத்தில் கேட்டிருக்கிறாள். பெட்டிக்குச் சாவி இருக்கிறது, சாவிக்கு எதற்கு ஆள் என்று பதில் வந்திருக்கிறது. பதினாறு வருஷமாக அவருடன் வேலை பார்த்தவளுக்கு அது தோன்றாது, மூன்று முறை பார்த்த எனக்குத் தோன்றிவிடும் என்று நினைத்தேன் பாருங்கள்.

ஈ. உண்மை முழுவதையும் எழுதுவது: அது கையிருப்பு நாள், காப்பாற்றியது அதுதான், சட்டை போட்டுக் காட்டியது என் தவறு என்று. அக்காவின் மனம் இதில்தான் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு இரண்டாவது கடிதம் வரும். தலைவர் இனி எல்லா அட்டவணையிலும் ஒவ்வொரு வரியையும் கிளறுவார். பை அண்ணன் வீட்டுக்குப் போவார், அதுவும் ஒன்பது நாள் வெறும் நாடகம் ஆடியவர் என்ற பெயரோடு.

இந்த நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் எழுத்தாளர் என்று ஒருத்தி இருக்கிறாள் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

8

நேற்று அக்கா வீட்டுக்குப் போனேன். பை அண்ணன் அந்த நோட்டைக் கொடுத்த அன்று என்ன பேசினார் என்பதை அவள் அதுவரை என்னிடம் சொல்லவே இல்லை. காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

நோட்டை மேசைமேல் வைத்துவிட்டு அவர் நின்றிருக்கிறார். போகவில்லை.

“மேடம், இது வேலையே இல்லதானே?”

அக்கா நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“மூணாம் நாளே தெரிஞ்சுபோச்சு. பெட்டியத் தொறந்து மூடுறதுல புத்தகம் என்னத்தப் பழகப் போகுது.”

“தெரிஞ்சுமா ஒன்பது நாளும் செஞ்சீங்க?”

“என் பேரு போட்டிருந்துச்சே.”

அக்கா அவரை உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை. ஏழு கிளை விஷயமும் அறிக்கை விஷயமும் அவர் காதுக்குப் போயிருந்தது. தேவை என்று எழுதச் சொல்லிக் கெஞ்சுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கெஞ்சினால் எழுதிவிடுவோமோ என்ற பயமும் இருந்ததாம்.

“தேவையில்லன்னு வேணா எழுதிக்கோங்க மேடம். அது உங்க இஷ்டம். செய்யலன்னு மட்டும் எழுதிடாதீங்க.”

அக்கா ஒரே தலையணை உறையை இரண்டாவது முறை மடித்தாள். நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் அழுகை வந்தது. இரண்டு பேரும் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டு வளர்ப்பு அப்படி.

9

இன்று காலை பத்தியை எழுதினேன். மொத்தம் பத்து நிமிஷம் ஆனது. அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

‘இடம் பழக்கம். திட்டமிட்டது ஒன்பது நாள். நடந்தது ஒன்பது நாள். அறுநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளையும் பொறுப்பாளர் ஒவ்வொரு நாளும் திறந்து பார்த்தார். ஒரு பெட்டியும் ஒரு நாளும் விடுபடவில்லை. பதிவேடு இணைக்கப்பட்டுள்ளது. இதே நாட்களில் அலமாரிக்கான சரியான போல்ட்டுகள் வந்து சேர்ந்தன. இந்த ஒன்பது நாள் இல்லாவிட்டால் நூலகம் உரிய தேதியில் திறந்திருக்காது. கிளை நூலகங்களிலும் இப்பணி’

“அப்புறம்?”

“அவ்வளவுதான் எழுதினேன்.”

இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். பிறகு, பொய் எதுவும் இல்லை என்று ஒப்புக்கொண்டாள். அவர் செய்தது அப்படியே இருக்கிறது, போல்ட்டையும் மறைக்கவில்லை, இதற்குக் கடிதம் வந்தால் வரட்டும் என்றாள். ஆனால் பத்திக்குக் கீழே இரண்டு கட்டம் இருக்கிறதே, அதில் ஒன்றில் குறி போட்டால்தானே அறிக்கையை வாங்குவார்கள் என்றாள். நீயே போடேன் என்று என்னிடம் சொன்னாள். என்னால் முடியாது என்றேன். என்னாலும் முடியவில்லைடி என்றாள். ஊறுகாய் பாட்டிலில் தேதி ஒட்டுகிறவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆகவே உங்களிடம் வருகிறேன். தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறேன் என்று நீங்கள் சொன்னால், ஆமாம், அதுதான். ஆனால் வாசல்படியில் படித்துக்கொண்டிருந்த பெண்ணையும், 314-ஆம் பெட்டியில் எறும்பு போய்விட்டதா என்று மறுநாள் குனிந்து பார்த்தவரையும் இப்போது எனக்குத் தெரிந்த அளவு உங்களுக்கும் தெரியும். அக்காவையும் தெரியும். கூடுதலாக நான் எதையும் ஒளித்து வைக்கவில்லை.

குழு வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கூடுகிறது. இன்று திங்கள். பை அண்ணன் வழக்கம்போல் வேலைக்கு வந்திருக்கிறார். புதிய கட்டடத்தில் அவருக்கு நாற்காலி போடவில்லை, அதனால் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறார் என்று அக்கா சொன்னாள். படிவத்தை அப்படியே கீழே தருகிறேன்.

கிளை நூலகங்களிலும் இப்பணி:

☐ தேவை

☐ தேவையில்லை

பென்சிலால் குறிக்க வேண்டாம்.